கீரை கேட்ட தம்பி

என் தம்பி ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மயிலாப்பூரில் எங்களோடுதான் இருந்தான். மதியம் பிரியாணி, சாயங்காலம் தள்ளுவண்டியில் பரோட்டாவும் கருகப் பொரித்த சிக்கனும். வீட்டில் தட்டில் கீரை வைத்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவான்.

வருடக்கணக்காக வயிறு அவனைப் படுத்தியது. அடிக்கடி பேதி, சில நாள் ரத்தம். "இன்னாக்கா பயப்படறே? மூலந்தான். பட்டறையில பாதிப் பேருக்கு கீது" என்பான். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்குவான். பேன்ட் இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் என்னோடு அடையாறு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய்.

"உள்ளே ரொம்ப வருஷமா அழற்சி இருந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். ஒவ்வொரு தடவையும் புது செல் வளரும். அதுல எங்கேயோ தப்பு நடந்துடுது."

"நான் துன்னதுதான் காரணமா, டாக்டர்?"

"அது மட்டும்னு சொல்ல முடியாதுப்பா. காய்கறி, நார்ச்சத்து இல்லாம தினமும் கருகின கறியா சாப்பிட்டா, ஏற்கெனவே புண்ணான குடல் இன்னும் கெடும். ஆனா அப்படியே சாப்பிட்டு ஒண்ணும் ஆகாதவங்களும் இருக்காங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவனை வாட்டியது.

ஆபரேஷன் முடிந்து, மலம் வெளியேற வயிற்றில் பை மாட்டினார்கள். சில நாள் கழித்து, "அக்கா, கொஞ்சம் முருங்கைக்கீரை பண்ணித் தர்றியா?" என்றான்.

"இப்போ நார் ஆகாதாம்டா. குழைஞ்ச சாதந்தான் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

கூடப் பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் தள்ளிப்போட்டேன். அவன்தான் விடவில்லை. கீமோவில் துவண்டிருந்தவன் எனக்குத் துணையாக வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என் குடலில் சின்னதாக ஒரு சதை வளர்ச்சி இருந்தது. அப்போதே எடுத்துவிட்டார்கள்.

"இனிமே அது புத்துநோயா மாறாதுன்னு சொன்னாங்க" என்றேன்.

"தப்பிச்சேக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை சில்லென்று இருந்தது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

அவனுக்கு நோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. மழைக்காலம் தொடங்கும் முன்பே போய்விட்டான்.