சேவலுக்கு அம்மை

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டுச் சேவலுக்கு அம்மை போட்டது. வெறும் சேவலாக இருந்திருந்தால் அப்பா அன்றைக்கே குழம்பு வைக்கச் சொல்லியிருப்பார். அது அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல், அதுவும் எனக்காக. ஆவடி ஸ்டேஷனில் எந்த ரயில் நின்றாலும் நான் ஏறிவிடுவேன். ஒருமுறை திருத்தணியில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பையன் கால் வீட்டில் தங்கட்டும், ஆடியில் சேவல் அறுக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள்.

ஆனி மாதம் எங்கள் முத்தாபுதுப்பேட்டையில் வீட்டுக்கு வீடு கோழிகள் செத்தன. எங்கள் கொல்லையிலும் இரண்டு பெட்டைகள் போயின. பிறகு சேவலின் கொண்டையில் மிளகு மிளகாகக் கொப்புளம். இரண்டு கண்ணும் பொருக்குத் தட்டி மூடிக்கொண்டன. அம்மா அதை முந்தானையில் சுற்றி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். நானும் கூட ஓடினேன்.

“இது வைரஸ்மா, மருந்து கெடையாது,” என்றார் டாக்டர். “மத்ததுங்களோட சேக்காத. கண்ண தொடச்சி, கையால ஊட்டி வுடு. பொயைச்சாலும் பொயைக்கும்.”

மருந்து கிடையாது என்றதுமே அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, வந்திருப்பது ஆத்தாதான். ஊனமான சேவலைச் சாமி ஏற்காது. கண் போனால் வேண்டுதலும் போயிற்று. ஏர்கூலர் வந்த அட்டைப்பெட்டியில் வேப்பிலை பரப்பி அதைப் படுக்கவைத்தாள். வாசலிலும் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது.

அம்பத்தூர் லேத் பட்டறையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த அப்பா தட்டைப் பார்த்தார்.

“கோயிக்கு அம்ம போட்டா நானு இன்னாத்துக்கு தாளிக்காத கொயம்பு துன்னணும்?”

“வாயக் கய்வுயா. ஆத்தா எறங்கி கீறா.”

“எறங்கனவ நேரா குண்டான்ல எறங்கி இருக்கலாம்.”

அதுவரை அந்தச் சேவலை அம்மா கூப்பிட்டதெல்லாம் ‘சனியனே’ என்றுதான். இப்போது அதன் முன்னால் குந்திக்கொண்டு, “தாயே, கண்ண மட்டும் வுட்டுடும்மா,” என்று கெஞ்சினாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பொருக்கை ஊறவைப்பாள், பிய்க்கமாட்டாள். அலகை விரலால் விலக்கி, குழைந்த சோற்றை உள்ளே தள்ளி, தொண்டையைத் தடவிவிடுவாள். என்னைக் கண்டாலே துரத்திக் கொத்திய சேவல் அவள் வளையல் சத்தத்துக்கே வாயைத் திறக்க ஆரம்பித்தது. நான் பக்கத்திலேயே குந்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரயில் நினைப்பே வரவில்லை.

ஒரு காலையில் இடது கண்ணின் பொருக்கு உதிர்ந்தது, மறுநாள் வலது. உள்ளே இரண்டு கண்களும் அப்போதுதான் செய்து வைத்தவைபோலப் பளபளத்தன. ஆத்தாவை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் கோயிலுக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் தெளித்ததும் சேவல் உடம்பை உதற வேண்டும், அதுதான் சம்மதம். அது உதறவில்லை. அம்மாவின் கையைப் பார்த்து, சோறு என்று வாயைத் திறந்தது. கூட்டம் சிரித்தது. அம்மா கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். மறுபடி தெளித்தார்கள்; உதறியது.

மதியம் சேவல் குழம்புக்கு அப்பா இரண்டு முறை சோறு வாங்கினார். அம்மா தனக்குத் தட்டு வைக்காமல் எனக்கெதிரே உட்கார்ந்திருந்தாள்.

“இனிமே எங்கியும் ஓட மாட்ட இல்ல, நைனா?”

“மாட்டேம்மா,” என்று சொல்லிக் குழம்புக்குத் தட்டை நீட்டினேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசிக்கிறவனை இப்படியா காக்கவைப்பது என்றுதான் எனக்குத் தோன்றியது.