என் மனைவி கைவிட்ட ஆண்டவர்

மஸ்கட்டுக்கு வந்த இரண்டாவது மாதம், ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தியதற்காக மேனேஜரிடம் திட்டு வாங்கினேன். காலண்டர் ஆர்டர் அது. தாளை எடுத்துப் பார்த்தால் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் சிவப்பில் இருந்தன. சிவகாசியில் பதினான்கு வருஷம் ஆஃப்செட் மெஷினில் நின்றவன் நான். சிவப்பு மை ஞாயிற்றுக்கு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிளேட்டில் தப்பு என்று கத்தி, ஆளைக் கூட்டி, பெரிய ரகளை செய்துவிட்டேன். இந்த ஊரில் விடுமுறை வெள்ளிக்கிழமைதான் என்று மேனேஜர் எனக்குப் புரியவைப்பதற்குள் பக்கத்து மெஷின் பாகிஸ்தான்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விடுமுறை மாறியதால் மாதா கோயில்களிலும் வெள்ளியன்றுதான் பெரிய ஆராதனை. அது எனக்கு எதற்கு என்று அன்றைக்கு நினைத்தேன். இது நடந்தது இரண்டாயிரத்து மூன்றில்.

மாதா கோயில் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். காரணம் என் மனைவி மாரீஸ்வரி. அதே சிவகாசி அச்சகத்தில் அவள் பைண்டிங் பிரிவில் தினசரிக் காலண்டர்த் தாள் அடுக்கும் வேலை பார்த்தாள். ஒரு சீசனில் யாரோ சபைக்காரர்கள் வசனக் காலண்டர் ஆர்டர் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு வசனம். மற்றப் பெண்கள் தேதியைப் பார்த்து அடுக்கினார்கள். இவள் ஒவ்வொன்றாக வாசித்து அடுக்கினாள். கை ஓடவில்லை என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டும் கேட்கவில்லை. சீசன் முடிவதற்குள் அந்த வருஷம் முழுவதையும் வாசித்துவிட்டாள். பிறகு எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சின்ன ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

நான் அப்போது நல்ல குடிகாரன். வேறு எதிலும் ஒழுங்கில்லாதவன் அதில் மட்டும் ஒரு நாள் தவறவில்லை. ஆயுளில் ஒரு சூடம் கொளுத்தாதவனுக்கு, அவள் ஜெபவீட்டுக்குப் போனதும் திடீரென்று குலசாமி மேல் அக்கறை வந்துவிட்டது. அடித்தேன். சமைக்கும்போது அவள் ஒரு பாட்டை முணுமுணுப்பாள், அதற்கும் அடித்தேன். எங்கள் மகள் செல்வி ஸ்கூல் பையோடு வாசலிலேயே நின்றுவிடுவாள். ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஜெபவீட்டுக்குள்ளேயே நுழைந்து, பத்துப் பேர் பார்க்க அவளைத் தெருவுக்கு இழுத்து வந்தேன். யாரும் தடுக்கவில்லை. அடுத்த வாரம் ஜெபவீட்டை நடத்தியவர் அவளிடம், வீட்டுக்காரர் மனம் மாறும்வரை வீட்டிலிருந்தே ஜெபியுங்கள் அம்மா, சபைக்குச் சங்கடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் திரும்பி வந்தாள், வேதப் புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாள், மறுநாள் அரிசி களைந்தாள். பாட்டு நின்றுபோனது. கொஞ்ச நாளில் அச்சக வேலையையும் விட்டு, காலையில் வேனில் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். நான் ஏஜெண்டைப் பிடித்து மஸ்கட் வந்தேன். குடும்பத்தைக் கரையேற்ற வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடிவந்தேன் என்பதே உண்மை.

மஸ்கட்டில் மாதா கோயிலுக்குள் நான் போனதுகூடப் பக்தியால் இல்லை. தொழிலாளர் கேம்ப்பில் என்னோடு தங்கியிருந்த நாகர்கோவில் டிரைவர் சாமுவேல், தமிழ் ஆராதனை முடிந்ததும் பிரியாணி போடுவார்கள் என்றார். இங்கேயும் திருட்டுச் சரக்கு கிடைக்கும். முந்தின நாள் குடித்தது வாயில் நாற, கடைசி வரிசையில் உட்கார்ந்து பிரியாணிக்குக் காத்திருந்தேன். ஒரு பாட்டு எடுத்தார்கள். பக்கத்திலிருந்தவர் பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். எனக்கு அது தேவைப்படவில்லை. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை எனக்குத் தெரிந்திருந்தது. மாரி அடுப்படியில் பாடிய பாட்டு அது. அடித்து அடித்தே நான் அதை மனப்பாடம் செய்திருக்கிறேன். பிரியாணி சாப்பிடாமல் வெளியே வந்து, கார்கள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. மூன்று தடவை குடியை விட்டு மூன்று தடவை விழுந்தேன். ஒரு தடவை கோயில் வாசலிலேயே வாந்தி எடுத்தேன். சாமுவேல் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டார். என்னை விசுவாசத்துக்குள் கொண்டுவந்தது பிரசங்கமா அந்த வாளியா என்று கேட்டால், நான் வாளி என்றுதான் சொல்வேன். நாலாவது தடவை விட்டது நின்றது. அதன்பின் ஞானஸ்நானம் எடுத்தேன்.

எங்கள் அச்சகத்து விசா வேலைகளைப் பார்க்கும் ஓமானியர் ஹமூத் நல்ல மனிதர். பழைய பாரத்தில் இந்து என்று இருக்கிறதே, நீ எப்படிக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில், முன்னே அங்கே இருந்தேன், இப்போது இங்கே வந்துவிட்டேன் என்றேன். அவர் கம்பெனி மாறுவதைப் பற்றிச் சொல்வதாக நினைத்து, "பழைய அர்பாப் ரிலீஸ் கொடுத்தாரா?" என்று அக்கறையாகக் கேட்டார். முதலாளி எழுதிக் கொடுக்காமல் இங்கே யாரும் வேறிடம் போக முடியாது. இல்லை என்று தலையாட்டினேன். அவர் கவலையோடு உச்சுக் கொட்டினார்.

போனில் மாரியிடம் இதைச் சொல்லத் துணிவு வரவில்லை. அதற்குள் அவளே சொன்னாள்.

"கொரலு தெளிஞ்சிருக்குங்க. குடிய விட்டுட்டீகன்னு தெரியுது. இருக்கன்குடி மாரியாத்தாவுக்கு மூணு வருசமா நடந்து போறேன். ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. நீங்க லீவுல வந்ததும் உங்களுக்கு மொட்ட போடுறதா நேந்திருக்கேன்."

சரி என்றேன். அடிக்கத் தெரிந்த எனக்குப் பேசத் தைரியமில்லை.

முதல் லீவை வேண்டாம் என்று தள்ளியவன், நாலு வருஷம் கழித்து ஆடி மாதத்தில் ஊருக்கு வந்தேன். கடைசி வெள்ளிக்கு வேன் பேசியிருந்தாள். வேன் வருவதற்கு முன், அவள் மஞ்சள் சேலையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"மாரி, நான் அங்கன ஞானஸ்நானம் எடுத்துட்டேன். நீ போனியே, அதே ஆண்டவர்கிட்டதான்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. பட்டாசு மருந்து ஏறி வெள்ளிப் பூச்சுப் பிடித்த கை அது.

"நீங்க குடிய விடணும்னு அவருகிட்ட ஆறு வருசம் அளுதேன். ஒவ்வொரு அடிக்கும் அளுதேன். அப்ப வரலயே. ஆத்தாகிட்ட நடந்தேன், விட்டுட்டீக. இப்ப வந்து அவருதான் செஞ்சாருங்கீக. நான் யாரங்க நம்புறது?"

"என்னை மன்னிச்சிரு."

"அம்புட்டுப் பேரு முன்னாடி என்னய வெளிய இளுத்துப் போட்டீக. இப்ப நீங்க உள்ள போயி உக்காந்துக்கிட்டீக. அது என் இடம்ங்க."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய் ஏறினாள்.

கோயிலில் மொட்டை போடும் கொட்டகைக்குப் போனதும், நான் உட்கார்ந்துகொள்கிறேன் மாரி, ஆண்டவர் என்னை மன்னிப்பார் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஒரு தலைமயிருக்காக அவள் சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று பட்டது.

"வேண்டாம். நம்பாத தலை அவளுக்கு எதுக்கு? நேந்தது நான்."

கொண்டையை அவிழ்த்துவிட்டு, நாவிதர் முன் அவளே உட்கார்ந்தாள். செல்வி, "அம்மா, வேண்டாம்மா" என்று அழுதாள். மாரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. முதலில் தண்ணீர், பிறகு கத்தி. நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் யாரோ, பிள்ளைக்குச் சுகமில்லையா என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன். சந்தனத்தைத் தொட்டு அவள் தலையில் பூசிவிடக் கை நீண்டது. அவள் கிண்ணத்தை வாங்கித் தானே பூசிக்கொண்டாள்.

"முடிஞ்சது. வாங்க, செல்விக்குப் பசிக்கும்" என்றாள். அப்புறம் லீவு முடியும்வரை வேளாவேளைக்குச் சோறு போட்டாள், மரியாதையாகப் பேசினாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மஸ்கட் திரும்பிய முதல் ஆராதனையில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று போதகர் என்னைக் கேட்டார். மாரீஸ்வரி என்று பெயரை மட்டும் சொன்னேன். பெயரைக் கேட்டதும் அவர் புரிந்துகொண்டதாக நினைத்துக் கண்ணை மூடினார். "ஆண்டவரே, உம்மை இன்னும் அறியாத இந்தச் சகோதரியை..." என்று ஆரம்பித்தார். அவள் அறிந்தவள் ஐயா, எனக்கு முன்பே அறிந்தவள், அறிந்ததை நான்தான் பறித்தேன் என்று எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அந்நேரம் மாரி ஊரில் முடி முளைக்கத் தொடங்கிய தலையோடு அம்மன் சந்நிதியில் எனக்காக நின்றுகொண்டிருப்பாள். சபை முழுவதும் ஆமென் என்றது. எனக்கு வாய் வரவில்லை.