முகம் பார்க்கும் தரை

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டுச் சிலர் கார்டு போட்டிருக்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை... புது வீடு குடிபோனேன். அந்த விசேஷத்தில் ஒரு மாட்டின் காலை உடைக்க இருந்தேன்.

கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓட்டு வீடுகள்தான் அதிகம். எங்கள் தெருவில் முதல் கான்கிரீட் வீடு என்னுடையது. சித்தூர் தாலுக்கா ஆபீஸில் மலையாளத்தில் 'அபேக்ஷை' என்று மனு எழுதிக் கொடுத்து, பெர்மிட் இருந்தால்தான் கிடைக்கும் சிமெண்டுக்காக நடையாய் நடந்து கட்டிய வீடு. பெருமை இருக்காதா?

வந்து பார்த்த பெரியப்பா அதை ஒரே வரியில் ஊதி அணைத்தார்.

"என்னப்பா, ரேசன் கடைக் குடோனாட்டம் இருக்குது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால்... சுவர் சாம்பல், தரை சாம்பல், படி சாம்பல். குடோனேதான்!

சுவருக்குச் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்தேன். தரைக்குச் சிவப்பு ஆக்சைடு. கொத்தனார் ஆறுச்சாமி சிமெண்டோடு சிவப்புப் பொடியைக் கலந்து, கரணையால் இழைத்து இழைத்துப் போட்டார். நல்ல கைவேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

"மொகம் தெரியோணுமுங்ணா," என்றேன்.

"இது போதுமுங்க. இதுக்கு மேல தேச்சா வழுக்குமுங்க," என்றார் ஆறுச்சாமி.

"வழுக்குனா வழுக்கட்டும். குடோன்னு இனி ஒருத்தரும் சொல்லப்படாது."

மூன்று வாரம்! தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு ஆள் வைத்துத் தேய்த்தேன். ஆள் வராத நாளில் நானே முட்டி போட்டுத் தேய்த்தேன். விசேஷத்துக்கு முதல் நாள் குனிந்து பார்த்தால் என் முகம் தெரிந்தது. மீசை நரை உட்பட. பெரியப்பாவைக் கூட்டி வந்து அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றே ஒன்றை மறந்துவிட்டேன். பால் காய்ச்சுவதற்கு முன் புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியது யார்? நானில்லை, பெரியப்பாவும் இல்லை... மாடும் கன்றும்! தொழுவத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த குடியானவன் மகன் நான். மறந்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தெருப் பாவாயி அக்கா தன் செவலைப் பசுவையும் கன்றையும் ஓட்டி வந்தார். அவருக்குக் கணவர் இல்லை. இந்த ஒரு மாட்டின் பாலை வீடு வீடாக ஊற்றித்தான் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். செவலைக்கு மஞ்சள் பூசி, கொம்பில் பூச்சுற்றி, தன் பெண்ணைக் கல்யாணத்துக்கு அனுப்புவது போல அலங்கரித்திருந்தார்.

செவலை முன்னங்கால் ஒன்றை நிலைப்படி தாண்டி வைத்தது. வைத்த கால் நிற்கவில்லை. சர்ரென்று ஒரு முழம் ஓடியது! மாடு வெருண்டு பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"நல்ல நேரம் போகுதப்பா," என்றார் பெரியப்பா.

சாக்கு விரித்தோம். சாக்கும் மாட்டோடு சேர்ந்து வழுக்கியது. எனக்கோ பதற்றம். யோசிக்காமல் பின்னால் போய் மாட்டைத் தள்ளினேன்.

"கையை எடுங்க தம்பி!"

பாவாயி அக்கா போட்ட சத்தத்தில் சட்டென்று கையை எடுத்தேன்.

"இது காலு முறிஞ்சா என்ற புள்ளைக சோத்துக்கு எங்கீங்க போவும்? உங்களுக்குத் தரை பெருசு. எனக்கு இது காலு பெருசுங்க."

சுருக்கென்றது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

"மாடு நுழையாத வூட்டுல பாலை எப்புடிக் காய்ச்சறது?" என்று பெரியப்பா ஆரம்பித்தார். என் மனைவி சரசு அவரைக் கவனிக்கவில்லை. கட்டட வேலைக்கு வந்து வாசலில் மிஞ்சிக் கிடந்த மணல் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க... உள்ளார மணலைக் கொட்டீட்டா?"

மணலா? அந்தத் தரையிலா? கீறிப் போய்விடுமே! மூன்று வாரத் தேய்ப்பு...

விசேஷத்துக்கு வந்திருந்த ஆறுச்சாமி என்னைப் பார்த்தார். சரசு பார்த்தாள். செவலையும் பார்த்தது. அதன் முன்னங்கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யோசனை ஓடவில்லை.

கூடையை நானே எடுத்தேன். ஈர மணலை அள்ளி, வாசலிலிருந்து கூடத்து நடு வரைக்கும் கனமாகக் கொட்டினேன். காலால் மிதித்து மிதித்து அழுத்தினேன். கரகரவென்று ஒவ்வொரு மிதிக்கும் என் பல் கூசியது.

"இப்ப வுடுங்க்கா," என்றேன்.

பாவாயி அக்கா முதலில் தான் நடந்து பார்த்தார். பிறகு கயிற்றைத் தளர்த்தினார். செவலை மணலை மோந்து பார்த்தது. ஒரு கால் வைத்தது. நின்றது. இன்னொரு கால்... கன்று துள்ளிக்கொண்டு பின்னால் வந்தது. நடுக்கூடத்தில் நின்று, செவலை நிதானமாகச் சாணியும் போட்டது. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்!

நானா? அது திரும்பி நடந்து, நிலைப்படி தாண்டி, பத்திரமாகத் தெருவில் இறங்கிய பிறகுதான் மூச்சே விட்டேன். பின்னாலேயே ஓடிப் போய் நாலு காலையும் தடவிப் பார்த்தேன். பாவாயி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகுதான் உள்ளே போய்ப் பால் காய்ச்சினோம். அன்று குடித்த பால் போல ருசியான பாலை நான் குடித்ததில்லை.

மணலைக் கூட்டி அள்ளியபோது தெரிந்தது... வாசலிலிருந்து கூடம் வரை கீறல் விழுந்து மங்கிப்போன ஒரு பாதை.

இது நடந்து பத்து நாள் ஆகிறது. ஒன்றைக் கவனித்து வருகிறேன். கிணற்றடியிலிருந்து ஈரக்காலோடு வரும் சரசு அந்தப் பாதையில்தான் நடக்கிறாள். பெரியப்பா தடியூன்றி வந்தால் அதே பாதை. பளபளக்கிற பக்கம் ஒருவரும் போவதில்லை. நான் போனேன் - விழுந்தேன். இடுப்பில் இன்னும் தைலம் மணக்கிறது. நாம் மெனக்கெட்டுச் செய்யும் அலங்காரத்தில் பாதி, வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்காகத்தான் போலிருக்கிறது. வீட்டோடு கிடப்பவர்களுக்குக் கால் ஊன்ற இடம் இருந்தால் போதும்.

நேற்று ஆறுச்சாமி எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்றார்.

"அந்தக் கீறலை மறைச்சுப் போடலாமுங்களா?"

"வேண்டாமுங்ணா. மிச்சத்தையும் அதேயாட்டம் சொரசொரன்னு பண்ணிப் போடுங்க."

முகம் பார்க்க என்ன வழி என்கிறீர்களா? சுவரில் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டேன்.