பள்ளிக்கூட வளவுக்குள் நான்கு வருடம்

மூத்த மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம் எனக்கு நகரசபையில் வேலை கிடைத்தது. ஜேர்மனியில், றூர் பகுதியில் ஒரு சிறிய நகரம். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு ஹவுஸ்மைஸ்ரர். காலையில் கதவுகளைத் திறப்பது, கொதிகலனைப் பார்ப்பது, பனி விழுந்தால் பாதையை வழிப்பது, பைப் ஒழுகினால் பூட்டுவது என்று அந்தக் கட்டடத்தின் எல்லா வேலையும் ஒருவர் தலையில்தான். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் நான் உணவகச் சமையலறைகளிலும் ஓர் இரும்புத் தொழிற்சாலையிலும் நின்றவன். நிரந்தர வேலை என்ற சொல்லைக் கேட்டதும் மற்றதெல்லாம் எனக்குச் சின்ன விடயமாகத் தெரிந்தது.

ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஹவுஸ்மைஸ்ரர் பள்ளிக்கூட வளவுக்குள் இருக்கும் நகரசபை வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். அதற்கு அவர்கள் றெசிடென்ஸ்பிளிஷ்ற் என்று சொன்னார்கள். குறித்த இடத்தில் வசிக்க வேண்டிய கடமை. எனக்கு அந்தச் சொல் புதிதல்ல. அகதியாக வந்த காலத்தில், வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்ற விதிக்கும் அதே பெயர்தான். கெல்சென்கிர்ச்சனில் நடந்த என் ஒன்றுவிட்ட அண்ணையின் கலியாணத்துக்கு அனுமதிக் கடிதம் கிடைக்காமல் நான் போகவில்லை. இப்போது விசாவும் குடியுரிமையும் எடுத்து, வேலையும் எடுத்த பிறகு, அதே சொல் திரும்பவும் ஒரு தாளில் வந்து நின்றது.

நாங்கள் வுப்பர்டாலில் இருந்தோம். மனைவி அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள்.

"பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்தை இப்ப மாத்த ஏலாது," என்றாள். "என்னையும் போன மாசம்தான் நிரந்தரமாக்கினவை. நீங்கள் போங்கோ. றெயினிலை ஒரு மணித்தியாலம்தானே. சனி ஞாயிறிலை வருவியள்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சனிக்கிழமை பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபம் கைப்பந்துக் கழகத்துக்கு. ஞாயிறு காலை முதியோர் உடற்பயிற்சிக்கு. திறக்கவும் பூட்டவும் நான் நிற்க வேண்டும். கணக்கில் எனக்குக் கிடைத்தது இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு, அதுவும் மதியத்துக்குப் பிறகு.

வீடு நல்ல வீடுதான். இரண்டு அறை, சிவப்புச் செங்கல், முன்னால் ஓர் ஆப்பிள் மரம். காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை யன்னலுக்கு வெளியே இருநூறு பிள்ளைகளின் சத்தம். ஒரு மணிக்கு மேல் ஒன்றுமில்லை. நான் வகுப்பறைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது என் சப்பாத்துச் சத்தம் மேல்மாடி வரைக்கும் போய்த் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி கறி வைத்தால் புதன்வரை சாப்பிடுவேன். சில நாள் மாலையில் தொலைபேசியில் மனைவியோடு பேச வாய் திறக்கும்போதுதான், அன்று முழுவதும் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது தெரியும்.

முதல் கோடை விடுமுறைக்கு மனைவியும் இரண்டு மகள்களும் ஒரு கிழமை வந்து நின்றார்கள். பிள்ளைகள் வெறும் மண்டபத்தில் சில்லுச் சப்பாத்துப் போட்டு ஓடினார்கள். நகரசபைக்குத் தெரிந்தால் எனக்குத்தான் பேச்சு விழும். ஆனாலும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது கோடைக்கு மூத்தவளுக்குச் சிநேகிதிகளோடு பயணம், மனைவிக்கு லீவு இல்லை. ஒருவரும் வரவில்லை.

அந்தக் கோடை, தானாக அடிக்கும் பள்ளிக்கூட மணியை நான் நிறுத்தவில்லை. விடுமுறை தொடங்கும் நாளில் அதை நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நிறுத்தாமல் விட்டேன். ஒன்பதே முக்காலுக்கு இடைவேளை மணி அடித்தால் தேத்தண்ணி போட்டேன். பன்னிரண்டுக்கு அடித்தால் சாப்பிட்டேன். பத்தாவது நாள் எதிர்வீட்டு ஜேர்மன் மனுசி படலையடியில் வந்து நின்றாள்.

"பிள்ளைகள் இல்லையே, ஏன் மணி அடிக்கிறது?" என்று தன்மையாகத்தான் கேட்டாள்.

"மறந்துபோனேன்," என்றேன். அவள் போனதும் நிறுத்தினேன்.

எனக்கு அங்கே பழக்கமானவர் ஒருவர்தான். நகரத்தின் மறுபக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஹவுஸ்மைஸ்ரராக இருந்த ஜேர்மன்காரர். அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். தன் பள்ளிக்கூட வீட்டிலேயே முப்பது வருடம் மனைவியோடு இருந்தவர். கொதிகலனின் ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். நான் விதியைப் பற்றி முறையிட்டால் தலையை ஆட்டமாட்டார்.

"வளவுக்குள்ளை படுக்காதவனுக்குக் கட்டடம் சொல்லுறது கேளாது," என்பார். "நீர் இன்னும் பழகேல்லை. அவ்வளவுதான்."

மூன்றாவது வருட மாசியில் ஒரு சனிக்கிழமை. மண்டபத்தில் சுற்றுப்போட்டி, பல ஊர்க் கழகங்கள், பெற்றோர், கேக் மேசை என்று ஒரே சனம். மனைவி தொலைபேசி எடுத்தாள். மூத்தவள் ஸ்ரேசன் படியில் பனியில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது; பின்னேரம் சத்திரசிகிச்சை.

"அழுறாளோ?" என்று கேட்டேன்.

"இல்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவள். நீங்கள் விட்டிட்டு வர ஏலாதாம், பேந்து கவலைப்படுவியளாம்."

நான் அந்த ஜேர்மன்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் தன் தம்பியின் பிறந்தநாள் விருந்தில் இருந்தார். அரை மணித்தியாலத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்து இறங்கினார். "திறப்பைத் தாரும். போம்," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

எசனில் றெயின் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரச் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. மூத்தவள் நித்திரை. மனைவி கட்டிலடியில். வாசலில் இருந்த இளையவள் என்னைக் கண்டு எழும்பினாள்.

"அப்பா, நீங்கள் ஏன் வந்தனீங்கள்? இண்டைக்கு உங்களுக்கு வேலை எல்லோ?"

அவள் குறையாகக் கேட்கவில்லை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மினக்கெட்டு வந்தால் கேட்பதுபோல, மரியாதையாகக் கேட்டாள். கோட்டைக் கழற்றாமல் பக்கத்தில் இருந்தேன்.

கால் ஆறும்வரை வீட்டில் இருந்த மூத்தவள்தான், விதிவிலக்குக் கேட்டு நகரசபைக்கு அன்ற்றாக், அதாவது விண்ணப்பம், எழுதுவோம் என்றாள். ஞாயிறு பின்னேரம் மேசையில் தாளை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"காரணம் சொல்லுங்கோ அப்பா."

"பிள்ளையளோடை இருக்க வேணும் எண்டு எழுதம்மா."

"அது காணாது. நீங்கள் அங்கை குடியிருக்காட்டிலும் வேலை நடக்கும் எண்டு காட்ட வேணும்."

யோசித்துப் பார்த்தேன். தை மாதம் ஒரு விடியற்காலை கொதிகலன் நின்றதை நான் படுக்கையில் கிடந்தே உணர்ந்தேன். ஓடிப்போய்ப் பார்த்திராவிட்டால் பைப்புகள் உறைந்து வெடித்திருக்கும். அதை அவளுக்குச் சொன்னேன். அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் எந்தப் பக்கம் அப்பா?"

தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அன்று கடிதம் முடியவில்லை. பிறகு அவளே எழுதி முடித்து அனுப்பினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கடிதத்தால்தான் என்று சொல்லமாட்டேன், வேறு ஆட்களும் எழுதியிருந்தார்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் நகரசபை ஹவுஸ்மைஸ்ரர்கள் எல்லோரையும் கூப்பிட்டது. பின்னேரமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கும் திட்டம் வருகிறது, அதற்கு இந்த வீடுகளின் இடம் தேவை, ஆகவே இந்த விதியை எடுக்கலாமா என்று யோசிக்கிறோம் என்றார் அலுவலகத்திலிருந்து வந்த பெண். அந்த ஜேர்மன்காரர் எழும்பி, முப்பது வருடத்தில் தான் காப்பாற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

என் ஜேர்மன் எழும்பி நின்று பேசப் போதுமானதல்ல. இருந்தபடியே சொன்னேன்: "அவர் சொன்னது உண்மை. நான் அங்கே இருப்பது பள்ளிக்கூடத்துக்கு நன்மை. ஆனால் இந்த மூன்று வருடமும் நான் என் வீட்டில் இருக்கவில்லை. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்."

அந்தப் பெண் எழுதினார். ஜேர்மன்காரர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடையில் விதி போனது. நகரத்துக்குள் இருப்பவர்கள் அவசரப் பொறுப்பை முறைவைத்து எடுத்தார்கள். என் இரண்டு அறைகளின் சுவரை இடித்துப் பிள்ளைகள் சாப்பிடும் மண்டபம் ஆக்கினார்கள். ஜேர்மன்காரரின் வீடும் தேவைப்பட்டது. அவருக்கு நகரத்தின் கரையில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. சாமான் ஏற்ற நான் போனேன். அவருடைய மனைவி வெறுமையான குசினியைக் கூட்டி, கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டிக்கொண்டு நின்றாள்.

"நீர் சொன்னதிலை பிழை இல்லை," என்றார் அவர், அலுமாரியின் மறுபக்கத்தைத் தூக்கியபடி. "என்ரை வீடு இதுதான். அதுதான் வித்தியாசம்."

பிறகும் பேசிக்கொண்டோம். முன்பு வெள்ளிக்கிழமைகளில் அவர் மனைவி எனக்கு அனுப்பிவந்த பிளம்ஸ் கேக் மட்டும் நின்றுபோனது.

நான் வுப்பர்டாலுக்குத் திரும்பினேன். அதே இலையுதிர்காலத்தில் மூத்தவள் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆகன் நகரத்துக்குப் போனாள். அவளுடைய பெட்டிகளைக் கீழே இறக்கி வைத்ததுதான் வீட்டில் நான் செய்த முதல் வேலை. இளையவளுக்குப் பதினைந்து வயது. வணக்கம் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். காலையில் அவர்கள் எழும்ப முன் நான் அதே பள்ளிக்கூட வேலைக்கு றெயின் எடுக்கப் போய்விடுவேன்.

முதல் கிழமையில் ஒரு நாள் மாலை, சோறும் பருப்பும் ஆக்கி மேசையில் வைத்துவிட்டு மனைவி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு வந்தாள்.

"இன்னும் சாப்பிடேல்லையோ?" என்றாள்.

"நீர் வரட்டும் எண்டு இருந்தனான்."

"நான் ஆஸ்பத்திரியிலை சாப்பிட்டிட்டன். நாலு வருசமா அப்பிடித்தானே."

கோட்டைக் கொழுவிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். பிறகு ஒரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து, ஓர் அகப்பைச் சோறு போட்டுக்கொண்டாள்.