துணைக்கு ஐந்து

"தி மேன் ஈஸ் செல்லிங் வேர்க்கடலை. நோ, நோ. கிரவுண்ட்நட். தி மேன் ஹேஸ் ஒன் பேஸ்கெட்."

முதுநகர் ஜங்ஷனிலிருந்து சிதம்பரம் போகும் காலைப் பாசஞ்சர் நகர்ந்ததும் இளவரசு உதட்டுக்குள் ஆரம்பித்துவிடுவார். ஜன்னலில் எது வந்தாலும் அதற்கு ஓர் ஆங்கில வாக்கியம் வேண்டும். ஆலப்பாக்கத்தில் ஆடுகள், புதுச்சத்திரத்தில் கொடியோடு நிற்கும் ரயில்வே ஊழியர், பரங்கிப்பேட்டை தாண்டினால் வெள்ளாற்றுப் பாலம். "திஸ் ஈஸ் எ பிரிட்ஜ்" என்பார். பாலத்தைப் பற்றி அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாது. ரயில் அக்கரை சேரும்வரை தவித்துக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவர்கள் ஏதோ விரதக்காரர் ஜபம் செய்கிறார் என்று நினைத்துக் காலை மடக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நாற்பத்திரண்டு வயது. அகலத் தோள். காதோரம் மட்டும் நரை. துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்ரசர் ஆபரேட்டர். எங்கள் தெருவில் எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அவர் மனைவி தமிழ்ச்செல்வி அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். நானும் தமிழ்ச்செல்வியும் தினமும் அந்த ரயிலில்தான் போவோம். வாரத்தில் இரண்டு நாள், ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு, குளித்த ஈரம் காயாமல் இளவரசுவும் வருவார். சிதம்பரத்தில் ஃபர்ஹீன் டீச்சரிடம் அவருக்கு ஆங்கில வகுப்பு.

பயந்த சுபாவம் உள்ளவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஐஸ் தொழிற்சாலையில் அம்மோனியா கசிந்தால் மற்றவர்கள் வெளியே ஓடுவார்கள். இவர் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடிவிட்டு வருவார். ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டேன்.

"கேஸு எங்கேர்ந்து வருதுன்னு மூக்கு சொல்லிடும் சார். இங்கிலீசு எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்கும்னே தெரியல" என்றார்.

இந்த ஆங்கிலம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியா, தொழில் தெரிந்தவர்களைக் குடியேற அழைப்பதற்குப் பாயிண்ட் கணக்கு ஒன்று வைத்திருக்கிறது. வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, வேலை அனுபவத்துக்கு, ஆங்கிலத்துக்கு இவ்வளவு. எல்லாவற்றையும் கூட்டி ஆட்களை வரிசையில் நிறுத்தி, மேலே இருப்பவர்களைக் கூப்பிடுகிறார்கள். கீழே இருப்பவர்களுக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. கூப்பிடாமல் இருப்பார்கள், அவ்வளவுதான்.

தமிழ்ச்செல்வியோடு நர்சிங் படித்தவர்களில் பாதிப் பேர் எப்போதோ போய்விட்டார்கள். அவருக்கு இப்போதுதான் விண்ணப்பம் கூடிவந்தது. ஆனால் வயது முப்பத்தொன்பது. புரட்டாசி வந்தால் நாற்பது. நாற்பதானால் வயதுக்கான பாயிண்டில் பத்து குறைந்துவிடும். அதற்குள் அழைப்பு வரவேண்டும்.

"உங்களுக்குப் போகணும்னு ஆசையா?" என்று இளவரசுவிடம் கேட்டேன்.

"ஆச அவுங்களுக்குதான் சார். அவுங்க போற எடம் எனக்கு ஊரு" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது மனைவியை 'அவுங்க' என்பார். பயம் வந்தால் 'செல்வி' என்பார்.

அந்தப் பயம் அவரைப் பிடித்த நாள் எனக்குத் தெரியும். சிதம்பரம் மேல வீதியில் ஞானசேகரன் என்பவர் விசா ஆலோசனை அலுவலகம் வைத்திருக்கிறார். ஒரு மாலை அவர்களோடு நானும் போயிருந்தேன். சுவரில் பாயிண்ட் அட்டவணையைப் பெரிதாக ஒட்டியிருந்தார். அதில் துணைவருக்கு ஒரு கட்டம். துணைவரும் சான்றிதழோடு தொழில் தெரிந்தவர் என்றால் பத்து. ஆங்கிலம் மட்டும் தேறினால் ஐந்து. இரண்டும் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இளவரசு ஐ.டி.ஐ. போகவில்லை. தொழிலை மிஷினிடமே கற்றுக்கொண்டவர். ஆகவே சான்றிதழ் கிடையாது. பத்தாவதோடு நின்றதால் ஆங்கிலமும் கிடையாது. கட்டத்தின் கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது. விண்ணப்பிப்பவர் தனி ஆள் என்றால் பத்து.

ஞானசேகரன் கலகலப்பான மனிதர். "மேடம், நீங்க சிங்கிளா இருந்திருந்தா பத்து பாயிண்டு சொளையா வந்திருக்கும். அண்ணந்தான் குறுக்க நிக்கிறாரு" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். இளவரசுவும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவரிடம் சில மாற்றங்கள். ரயிலில் மனைவிக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, தான் சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். தமிழ்ச்செல்வியின் போனில் மெயில் வந்த சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். என்னைத் தனியாகப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"சார், புள்ளகுட்டி இருந்தா அதுக்கு எதுனா பாயிண்டு உண்டா?"

"இல்லை."

"எங்களுக்குதான் இல்லியே, அதான் கேட்டேன்."

குழந்தைக்காக அவர் அதைக் கேட்கவில்லை. தங்கள் இருவரையும் சேர்த்துப் பிடிக்கிற கயிறு ஏதாவது அந்த அட்டவணையில் இருக்கிறதா என்று தேடினார்.

சித்திரையில் முதல் தேர்வு எழுதினார். புதுச்சேரியில் நடந்தது. நான்கு பகுதியிலும் ஒன்பதுக்கு ஆறு வாங்கவேண்டும். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றையும் எப்படியோ கடந்துவிட்டார். பேச்சுத் தேர்வில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஓர் அட்டையைக் கொடுத்து, அதில் உள்ளதைப் பற்றிப் பேசச் சொன்னார். உங்களோடு வாழும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அதில் போட்டிருந்தது.

"மை வைஃப் ஈஸ் எ நர்ஸ்னு ஆரம்பிச்சிட்டேன் சார். அடுத்தது ஷீ ஈஸ்னு சொல்லணும். அந்தச் சொவரு வந்து கண்ணு முன்னாடி நிக்குது. பத்து, அஞ்சு, சைபரு. அந்தம்மா கை காட்டுறாங்க, பேசு பேசுன்னு. எனக்குத் தொண்டையில காத்தே இல்ல."

பேச்சில் ஐந்துதான் வந்தது.

தேர்வு முடிவு வந்த வாரம், யாரிடமும் சொல்லாமல் அவர் ஞானசேகரனைத் தனியாகப் பார்க்கப் போனார். கேட்க வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறார். காகிதத்தில் மட்டும் பிரிந்துவிட்டால் செல்விக்கு அந்தப் பத்து கிடைக்குமா? ஞானசேகரனின் கலகலப்பு கொஞ்சம் அடங்கிவிட்டது. "அதெல்லாம் பொய்க் கணக்குண்ணே. ஒரே வூட்ல இருந்துக்கிட்டு பிரிஞ்சிட்டோம்னு எழுதுனா, கண்டுபிடிச்சாங்கன்னா வாசக்கதவையே சாத்திடுவாங்க. நெசமாவே பிரிஞ்சாதான் அந்தப் பத்து" என்றவர், சற்றுப் பொறுத்து, "இதையேதான் மேடமும் போன வாரம் வந்து கேட்டாங்க. உங்ககிட்ட சொல்லலியா?" என்றார்.

அன்று சாயங்காலம் சிதம்பரம் ஸ்டேஷனில் ரயில் தாமதம். பிளாட்பார பெஞ்சில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். இளவரசு திடீரென்று, தண்டவாளத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"செல்வி, ஞானசேகரன்கிட்ட எதுனா கேட்டியா?"

நான் எழுந்தேன். "இருங்கண்ணா. நீங்க தெரிஞ்சிக்கிட்டா ஒண்ணும் ஆயிடாது" என்றார் தமிழ்ச்செல்வி. நான் மறுபடியும் உட்கார்ந்தேன். உட்காராமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"கேட்டேன்" என்றார் அவர்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பத்து பாயிண்டுக்கு. பொய் சொல்லச் சொல்றீங்களா? ஒரு வாரம் அதே நெனப்பா கெடந்தேன். பேசண்டுக்கு ஊசி போடுறப்பகூட அதே. கூடப் படிச்சவளுங்க எல்லாம் அங்க போய் ஒக்காந்துட்டாளுங்க, நான் மட்டும் இங்கயே கெழவி ஆயிடுவேனோன்னு பயம். கேட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கேட்டுட்டு வெளிய வந்தேன். தெருவுல நிக்கிறப்ப கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சி. மறுபடி அந்தப் பக்கம் போவல."

இளவரசு தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "நானும் இன்னிக்கு அதான் போய்க் கேட்டேன்" என்றார்.

தமிழ்ச்செல்வி திரும்பி அவரைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. "நீங்க எதுக்குப் போய்க் கேக்குறீங்க?" என்ற குரல் பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. "என்னை அனுப்பிட்டு நீங்க இங்க ஐஸு ஒடைக்கப் போறீங்களா?" டீ விற்பவர் நின்று பார்த்தார். தமிழ்ச்செல்வி அழவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் தேடி, மூடினார். ரயில் வந்தது. அன்று ஜன்னலோரத்தில் கணவரை உட்காரச் சொல்லி, இவர் நடுவில் உட்கார்ந்தார்.

ஆடியில் இரண்டாவது தேர்வு. ஃபர்ஹீன் டீச்சர் அதற்குள் ஒரு வழி கண்டிருந்தார். "அண்ணே, இங்கிலீஷ் பேசாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ண எனக்குப் புரிய வையுங்க. நான் வெளியூருன்னு வச்சிக்குங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது, அவ்ளோதான்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார். இந்தமுறை அட்டையில் வந்தது சத்தமான ஓர் இடத்தைப் பற்றி. இளவரசு ஐஸ் தொழிற்சாலையைச் சொன்னார். கம்ப்ரசர் ஓடும்வரை பயமில்லை, சத்தம் நின்றால்தான் பயம், வீட்டில் தூங்கும்போதுகூட சத்தம் இல்லையென்றால் விழிப்பு வந்துவிடும் என்றெல்லாம் சொன்னாராம். இலக்கணம் எப்படிப் போனதோ, ஆறு வந்தது.

ஐந்து பாயிண்ட் ஏறியது. அன்று தெருவில் எல்லோர் வீட்டுக்கும் ஜிலேபி கொடுத்தார். "நானும் ஒரு அஞ்சு சார்" என்றார். அந்த வாரம் முழுக்க நிமிர்ந்து நடந்தார்.

ஆனால் ஆவணியில் அழைப்பு வரவில்லை. புரட்டாசியில் தமிழ்ச்செல்விக்குப் பிறந்தநாள் வந்தது. "டூட்டி ரூம்ல எல்லாரும் கேக்கு வாங்கிட்டு வந்துட்டாங்கண்ணா. கத்திய வச்சதும், கேக்க வெட்டுறேனா பத்து பாயிண்ட வெட்டுறேனான்னு இருந்திச்சி" என்றார் மறுநாள் ரயிலில். கணவர் ஏற்றிய ஐந்தும் போய், மேலும் ஐந்து கீழே.

ஞானசேகரன் வேறொரு வழி சொன்னார். பெரிய நகரங்களை விட்டுவிட்டு உள்பகுதிக்குப் போகச் சம்மதித்தால், அங்குள்ள மாநில அரசும் ஏற்றுக்கொண்டால், பதினைந்து பாயிண்ட் உண்டு. முதலில் தற்காலிக விசாதான். சில வருடம் அங்கேயே இருந்து உழைத்தால் நிரந்தரம் கேட்கலாம். தமிழ்ச்செல்வி உடனே சரி என்றார். இளவரசு போனில் அப்படி ஓர் ஊரைத் தேடிப் பார்த்து என்னிடம் காட்டினார். சிவப்பு மண், நீளமான சாலை, ஒரே ஒரு பெட்ரோல் பங்க்.

"ரோட்ல ஒரு மனுசன் இல்ல சார். அங்க போயி யாருகிட்ட இங்கிலீசு பேசுறது?"

"நர்சுகள் தேவை என்கிறார்களே, ஆட்கள் இருப்பார்கள்."

"அவுங்களுக்கு இருப்பாங்க. ஆஸ்பத்திரி இருக்கும், பேசண்டு இருப்பாங்க. நான் இன்னாவா இருப்பேன்னுதான்..." என்றார்.

தை மாதம் அந்த மாநிலத்திலிருந்து அழைப்பு வந்தது. விண்ணப்பம் போட்டார்கள். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் என்று அலைந்தார்கள். விசா இன்னும் வரவில்லை. வரும் என்கிறார் ஞானசேகரன். தமிழ்ச்செல்வி கம்பளிச் சட்டைகள் வாங்க ஆரம்பித்துவிட்டார். அங்கே வெயில் கொளுத்தும் என்று யாரோ சொன்னபிறகும் வாங்குகிறார். இளவரசு ராத்திரி ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். தொழிற்சாலையில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. "சொல்லிட்டு அப்புறம் செல்வி மட்டும் போற மாதிரி ஆயிட்டா?" என்றார். அப்படி ஆக வழியில்லை, ஒரே விண்ணப்பத்தில்தானே இருவரும் இருக்கிறீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுவார். அடுத்த வாரம் அதையே வேறு வார்த்தைகளில் கேட்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"சார், அப்ளிகேசன் வந்து சேந்திடுச்சின்னு அப்பவே அனுப்புனாங்கல்ல, அத பிரிண்டு போட்டு எடுத்தாந்தேன். கொஞ்சம் படிச்சி சொல்லுங்க."

"நீங்களே படிக்கலாமே. ஆறு வாங்கினவர்."

"படிச்சிட்டேன் சார். நீங்களும் படிங்க."

தாளை மேஜையில் விரித்தார். வழக்கமான வாசகங்கள்தான். விண்ணப்பம் கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது, முடிவு தெரிவிக்கப்படும். கீழே விண்ணப்பதாரர்களின் பெயர்கள். முதலில் தமிழ்ச்செல்வி. அதற்கடுத்த வரியின்மேல் அவருடைய வலதுகை ஆள்காட்டி விரல் இருந்தது. நகத்தின் ஓரத்தில் அவர் பெயரின் கடைசி எழுத்துகள் தெரிந்தன.

"இருக்கிறது. இரண்டாவதாக உங்கள் பெயர்" என்றேன்.

"அதான் சார் நானும் பாத்தேன்."

கண்ணாடி இல்லாமல் எனக்குச் சிறிய எழுத்து சரியாகத் தெரிவதில்லை. தாளை என் பக்கம் இழுத்தேன். வரவில்லை. அவர் அழுத்திப் பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதற்குள் என் மனைவி காபி கொண்டுவந்து நீட்டினாள். இளவரசு டம்ளரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "மன்னிச்சிக்குங்கம்மா" என்று முணுமுணுத்துவிட்டு, இடது கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டார்.