வெள்ளைப் பூ வந்த பிறகும் நான் கேட்ட கேள்வி

விளக்கு பூஜைக்கு வந்திருக்கிற அக்கா தங்கச்சிகளே, என் பெயர் வசந்தா. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. நாலு வருஷத்துக்கு முன்னால், வைகாசி மாதம், எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மகள் தர்ஷினி பிளஸ் டூ முடித்திருந்தாள். வணிகவியலோடு கம்ப்யூட்டர் படித்தவள், மேத்ஸ் என்கிற கணக்குப் பாடம் கிடையாது. ஒரு டிகிரி முடித்து, மேலே எம்.சி.ஏ. படித்து, சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. எந்த டிகிரியில் சேர்ப்பது என்பதில்தான் சண்டை.

என் வீட்டுக்காரரின் பங்காளித் தம்பி செல்வம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு புதுக் காலேஜைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். "அண்ணி, கோர்ஸ் பேர்லயே சாஃப்ட்வேர் இருக்குது. லேப்பு ஃபுல்லா ஏசி. பஸ்சு தெருவுக்கே வருது." இவனுக்கு எதற்கு இத்தனை அக்கறை? கமிஷன் வாங்குகிறான் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்காரர் அவன் பேச்சுக்குத் தலையாட்டினார். அவர்மேலும் சந்தேகம். டவுனிலேயே ஒரு காலேஜில் பி.சி.ஏ. இருந்தது. அது பழைய கோர்ஸ் என்று பக்கத்து வீட்டு சரோஜம்மா சொன்னாள். தன் மகனுக்கு அங்கே இடம் பிடிக்கத்தான் அப்படிச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். எல்லாரையும் விட என் பெண்மேல்தான் பெரிய சந்தேகம். புதுக் காலேஜ்தான் வேண்டும் என்று சாப்பிடாமல் அடம் பிடித்தாள். பையன் எவனாவது அங்கே சேருகிறானா? போனில் யாரோடு பேசுகிறாள்? அவள் குளிக்கப் போனால் நான் போனைப் பார்ப்பேன்.

தப்பான டிகிரியில் சேர்த்துவிட்டால் மூன்று வருஷமும் வீண். அந்தப் பயத்தில் எனக்குத் தறியில் கை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை நம் கெங்கையம்மனிடம் பூ கட்டிப் பார்ப்பது என்று போனேன். வெள்ளைப் பூ வந்தால் செல்வம் சொன்ன காலேஜ், சிவப்பு வந்தால் டவுன் காலேஜ். இரண்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்தேன். பூசாரி எடுக்க வந்தார். அவர் என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தென்னேரியிலிருந்து வந்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களை எடுக்கச் சொன்னேன்.

"எதுக்கும்மா பூ பாக்கற?" என்று கேட்டார்கள். சொன்னேன்.

அவர்கள் முகம் மாறிவிட்டது. "எம் பொண்ணும் கம்ப்யூட்டர்தாம்மா படிச்சா. மேல எம்.சி.ஏ.வுக்குப் போனா, பிளஸ் டூலயும் கணக்கு இல்ல, டிகிரிலயும் கணக்கு இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சேக்கறதுக்கு முன்னால அத கேட்டுக்கோம்மா." சொல்லிவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார்கள்.

பிரித்தால் வெள்ளை.

"உத்தரவு ஆயிடுச்சும்மா" என்றார் பூசாரி.

அம்மன் பூவில் பேசினாளா, இந்த அம்மா வாயில் பேசினாளா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டவுன் காலேஜ்காரர்கள் அனுப்பிய ஆளோ என்று அந்த அம்மாவைக்கூடச் சந்தேகப்பட்டேன். அழுகை வந்துவிட்டது. "தாயே, உன்னையே நம்ப முடியாத பாவியா நான்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு" என்று கத்தியே கேட்டேன்.

மறுநாள் காலை தர்ஷினியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். செல்வம் சொன்ன காலேஜின் ஆபீசில் ஒரு பெண் ஜூஸ் கொடுத்து உட்காரவைத்தாள். இந்தக் கோர்ஸில் கணக்கு உண்டா என்று கேட்டேன்.

"கணக்கே கிடையாதும்மா. அதான் இதோட ஸ்பெஷலே. பசங்க அதுக்காகத்தான் சேருதுங்க" என்று சிரித்தாள்.

"அப்போ எம்.சி.ஏ. சேர முடியுமா மேடம்?" கேட்டது என் பெண்.

"அதெல்லாம் அப்போ பாத்துக்கலாம்மா."

திரும்பி வரும் பஸ்ஸில் தர்ஷினி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "மா, எனக்கு கணக்குன்னா பயம்மா. அங்க கணக்கு இல்லன்னாங்க. அதான் அந்தக் காலேஜ கேட்டேன்." எவனோ ஒரு பையனைத் தேடிக்கொண்டிருந்தேன் நான். என் பிள்ளை பயந்துபோய் இருந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டவுன் காலேஜில் விசாரித்தோம். பி.சி.ஏ.வில் முதல் வருஷமே கணக்கு இருந்தது. வீட்டுக்காரர் குதித்தார். "பூ வந்ததுக்கு மேல இன்னா பேச்சு? அம்மன் உத்தரவ மீறுவியா?"

"பூவ எடுத்த கையும் அவ அனுப்பினதுதான், கேக்கச் சொன்ன வாயும் அவ அனுப்பினதுதான். கேட்டுட்டு வந்தேன்" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் ஒரு சூடம் ஏற்றிவிட்டு வந்தார். அதற்கப்புறம் டவுன் காலேஜுக்கு அவரும் சரி என்றார்.

சாயங்காலம் செல்வம் வந்தான். கமிஷன் போன கோபத்தில் கத்துவான் என்று தயாராக இருந்தேன். நான் சொன்னதைக் கேட்டு அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அண்ணி, எம் பொண்ணுக்கும் அங்கதான் சீட்டு சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கும் எம்.சி.ஏ. ஆசைதான். இத யாருமே சொல்லலியே!" இவனையா நான் கமிஷன்காரன் என்று நினைத்தேன்? மனசு சுருக்கென்றது. இரண்டு பெண்களும் டவுன் காலேஜிலேயே சேர்ந்தார்கள்.

கணக்கில் தர்ஷினி முதல் தடவை பெயில். "உன்னாலதான்" என்று என்னிடம் எரிந்து விழுந்தாள். அந்தச் செமஸ்டர் முழுக்க வெள்ளிதோறும் எலுமிச்சை விளக்கு போட்டேன். அவளும் விடாமல் உட்கார்ந்து படித்தாள். அடுத்த தடவை தேறிவிட்டாள். போன வருஷம் எம்.சி.ஏ. சேர்க்கைக்குப் போனாள். அங்கிருந்தே போன் பண்ணினாள்: "மா, டிகிரில கணக்கு இருக்குதான்னுதான் மொதல்ல பாத்தாங்க. சீட்டு கெடச்சிடுச்சுமா." தறியில் உட்கார்ந்தபடியே ஓ என்று அழுதேன்.

எனக்குச் சந்தேகக் குணம் இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது ஒளிந்திருந்து யார் போனையும் பார்ப்பதில்லை, நேரே போய்க் கேட்டுவிடுகிறேன். பிள்ளைகளின் படிப்புக்காகக் கலங்கி நிற்கிற தாய்மார்களே, அம்மனிடம் வாருங்கள். முழு நம்பிக்கை வந்த பிறகு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் அவளையே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. போய்க் கேளடி என்று பஸ் ஏற்றி அனுப்பினாள்.