மூன்றுக்குப் பிறகு

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம் அது. நான் காஜா பெராங்கில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். பகலில் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலை. சாயங்காலமானால் எங்கள் தெருமுனையில் இருந்த சீனரின் முடிவெட்டும் கடையில் ஷியாட்சு படிப்பு.

ஷியாட்சு என்றதும் அக்கா ஏதோ பலகாரம் என்று நினைத்துக்கொண்டாள். உடம்பில் இடம் பார்த்துக் கட்டைவிரலால் அழுத்தி வலியைப் போக்குகிற ஜப்பான் வைத்தியம் அது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். யுத்த காலத்தில் சிங்கப்பூரில் ஒரு ஜப்பானியர் கடையில் எடுபிடியாக இருந்தபோது கற்றுக்கொண்டாராம். முடிவெட்ட வருகிறவர்களுக்குத் தோளையும் அழுத்திவிடுவார். எழுந்து போகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு அந்த ஆசையே வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. மலாயில் பாடம் நடந்தது.

எடுத்த எடுப்பில் மனுஷ உடம்பைத் தொட விட்டுவிடுவாரா? அரிசி மூட்டையைத்தான் காட்டினார். விரலின் முரட்டுப் பலத்தில் அழுத்தக் கூடாது, உடம்பைச் சாய்த்து அதன் பாரத்தை விரலில் இறக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று எண்ணும்வரை நிறுத்த வேண்டும். தான் கற்றபடியே ஜப்பான் மொழியில் எண்ணுவார்: இச்சி, நி, சான். நானும் அப்படியே எண்ணி எண்ணி, வாய் முணுமுணுக்காவிட்டால் விரல் இறங்காது என்கிற அளவுக்கு வந்துவிட்டேன். கட்டைவிரல் வீங்கிச் சோறு பிசைய முடியாமல் நான் தவித்தபோது, அரிசியை மூட்டையிலேயே பிசைந்து முடித்துவிட்டாயா என்று அக்கா கேலி செய்தாள்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர்; ஒரு கிட்டங்கியில் ஜாகா வேலை, அதாவது இரவுக் காவல். யுத்தத்தின்போது ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் சயாமுக்குக் கொண்டு போனவர்களில் ஒருவர். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். அங்கே கட்டை சுமந்த வலது தோள் அப்படியே இறுகிப்போய், கை தோளுக்கு மேலே எழும்பாது. சட்டை போட்டுக்கொள்ளக்கூட அக்கா வர வேண்டும். அதற்கெல்லாம் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் மகள் விஷயத்தில் மட்டும் உடைந்துபோவார். மூன்று வயதுப் பிள்ளை அவள். பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவதைப் பார்த்துவிட்டு, இவளும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்பா முன்னால் வந்து நிற்பாள். மச்சான் குனிந்து இடது கையால் அணைத்துக்கொள்வார். அவள் அழத் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தோளை நான் அழுத்திச் சரிசெய்து பார்க்கிறேன் என்று முந்திக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாயை விரித்து அவரைக் குப்புறப் படுக்க வைத்தேன். அரிசி மூட்டையைத் தாண்டி நான் தொட்ட முதல் உடம்பு. கொஞ்ச நேரத்தில் மச்சானுக்குக் கண் செருகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் முணுமுணுப்பு எப்போது சத்தமாக மாறியது என்றே தெரியவில்லை.

"இச்சி, நி, சான்."

"ஷி" என்று மச்சானிடமிருந்து ஓங்கிய குரலில் பதில் வந்தது. ஜப்பான் மொழியில் அது நாலு. அடுத்த நொடி அவர் எழுந்து, சுவரோரமாகக் கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார். கண் திறந்திருந்தது, ஆனால் அவர் எங்களைப் பார்க்கவில்லை. மகள் பயந்துபோய் அழ ஆரம்பித்தாள். அக்கா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வீட்லதாங்க இருக்கீங்க" என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அங்கே வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு எண் சொல்ல வைப்பார்களாம், தாமதித்தால் அடியாம். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு முன்னால நின்ன மூணு பேரும் மாறிக்கிட்டே இருந்தாங்க, மாப்ளே. நான் மட்டும் நாலாவதாவே நின்னேன்."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. மறுநாள் கடையில் இதைச் சொன்னதும் சீன நண்பர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அண்ணனையும் அதே ஜப்பான்காரர்கள் கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை என்பதை அன்றுதான் சொன்னார். வேலையோடு சேர்ந்து அந்த எண்ணிக்கையும் தன் வாயில் ஒட்டிக்கொண்டது, யோசித்ததே இல்லை என்றார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் அப்படி எண்ணவில்லை.

மச்சான் இனி என்னைத் தொடவே விடமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே பாயை விரித்தார். அன்று காலையிலும் பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். வாயை மட்டும் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

எண்ணாமல் எப்படி அழுத்துவது? மனசுக்குள் எண்ணினாலும் உதடு காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயம். ஒன்றும் தோன்றாமல் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்போதுதான் உள்ளங்கைக்கு அடியில் அவர் மூச்சு ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. அரிசி மூட்டை மூச்சு விடாதில்லையா, அதனால் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. மூச்சு இறங்கும்போது நானும் சாய்ந்தேன், ஏறும்போது விட்டுக்கொடுத்தேன். அன்று முழுவதும் அப்படித்தான். பிறகு வந்த ஞாயிறுகளிலும் அப்படியே. தோள் ஒரேயடியாக இளகிவிடவில்லை. இன்றைக்குச் சட்டைக் காலர்வரை, இன்னொரு நாள் காதுவரை என்று கை தானாக மேலே வந்தது.

சுதந்திரம் நெருங்கியபோது ஜாலான் பெண்டஹாரா முழுக்கத் தோரணமும் கலர் பல்புகளுமாக ஜொலித்தது. நாங்கள் நால்வரும் பார்க்கப் போனோம். கூட்டத்தில் பிள்ளைக்குப் பெரியவர்களின் கால்கள்தான் தெரிந்தன. அவள் என்னிடம் வந்து கையைத் தூக்கினாள். அப்பாவிடம் கேட்பதை எப்போதோ விட்டிருந்தாள் போலிருக்கிறது.

"அப்பாகிட்ட வா" என்றார் மச்சான்.

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கினார். வலது கை நடுங்கிக்கொண்டே தோளைத் தாண்டி எழும்பி அவளை உட்கார வைத்தது. விழுந்துவிடுவாளோ என்று அக்கா பின்னால் கையை நீட்டியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கையை எடுத்தாள். மேலே உட்கார்ந்த பிள்ளை விரலை நீட்டிப் பல்புகளை எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அத்தோடு நின்றுவிட்டாள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மச்சானின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் பிள்ளையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பல்புகளைப் பார்த்தார்.

"நாலு" என்றார், மெதுவாக.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு ஷியாட்சு செய்துவிட்டேன். இன்றைக்கும் அழுத்துவதற்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். எந்தெந்த வரிசையில் நின்றுவிட்டு வந்து இந்த உடம்பு என் பாயில் படுத்திருக்கிறதோ, எனக்கு என்ன தெரியும்?